கடல்நாயின் கொழுப்பில் எழுதிய கணக்கு

(பண்ணை ஒலிபரப்பில் திருவையாறு வட்டார வேளாண் விரிவாக்க அலுவலர் நிகழ்த்திய உரை)

இன்றைக்கு நான் பேச வந்தது கடல்நாயைப் பற்றி. "என்னய்யா இது, சம்பா கதிர் வாங்குற நேரம், நாவாய்ப் பூச்சி மொய்க்குது, இவரு கடல்நாயைப் பத்திப் பேச வந்துட்டாரே" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நம் வயலின் நாவாய்ப் பூச்சிக்கும் வடதுருவக் கடல்நாய்க்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அந்தக் கதை தெரிந்துவிட்டால் நாளைக்கு ஸ்பிரேயரைத் தோளில் மாட்டும் முன் ஒரு நிமிடம் யோசிப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த உரை.

கடல்நாய் என்பதை இங்கிலீஷில் சீல் என்பார்கள். நம்ம காவிரியிலும் கொள்ளிடத்திலும் மீன் பிடித்துத் தின்கிற நீர்நாய் வேறு, இது வேறு. பெரும்பாலும் குளிர்ந்த கடல்களில், பனிக்கட்டி மிதக்கிற இடங்களில் வாழும் பிராணி. மீன்தான் அதற்கு முக்கிய ஆகாரம். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். குளிர் தாங்குவதற்காகத் தோலுக்கு அடியில் கனமாகக் கொழுப்பு வைத்திருக்கும். நம் தமிழ்நாட்டுக் கடலில் கடல்நாய் கிடையாது.

அந்தக் கொழுப்பில்தான் விஷயம் இருக்கிறது. டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பழைய பூச்சிமருந்துகள் தண்ணீரில் எளிதில் கரையாது. கொழுப்பில் நன்றாகக் கரையும். சீக்கிரம் சிதைந்தும் போகாது. உடம்புக்குள் போய்விட்டால் கொழுப்பில் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் இருக்கும்.

இது எப்படிச் சேருகிறது? ஊர்ச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள. நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் கட்டுகிறார்கள். எல்லாம் ஒருவர் கையில் சேருகிறது. கடல் நீரில் இருக்கும் மருந்து மிக மிகச் சொற்பம். அதைக் கண்ணுக்குத் தெரியாத பாசி வாங்குகிறது. பாசியைச் சின்னப் பூச்சிகள் தின்கின்றன. அவற்றைப் பொடிமீன் தின்கிறது, பொடிமீனைப் பெரிய மீன் தின்கிறது, பெரிய மீனைக் கடல்நாய் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் ஆகாரம் செரித்துப் போகிறது, விஷம் மட்டும் தங்குகிறது. கடைசியில் சீட்டுப் பணம் முழுவதும் கடல்நாயிடம் வந்து சேருகிறது. அதனால்தான் விஞ்ஞானிகள் கடலின் நிலைமையைத் தெரிந்துகொள்ளக் கடல்நாயின் கொழுப்பைப் பார்க்கிறார்கள். ஸ்வீடனிலும் கனடாவிலும் ஜப்பானிலும் பல வருஷங்களில் கொழுப்பு மாதிரிகளை எடுத்து, உறையவைத்துப் பாதுகாத்து, ஐம்பது வருஷத்துக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதுவது மாதிரி, மனிதன் கடலில் வைத்த பற்று முழுவதும் அந்தக் கொழுப்பில் எழுதியிருக்கிறது.

சரி, அந்தக் கணக்கில் நம் பற்று எப்படி வந்தது?

நம்ம தஞ்சாவூர் ஜில்லா 1960-ல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நீங்கள் 'பேக்கேஜ் திட்டம்' என்று சொல்வீர்களே, அதுதான். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலியில் கேட்டுவிட்டு விதை தேடி ஓடினதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது. புது ரகத்தோடு உரமும் வந்தது, பூச்சியும் வந்தது, மருந்தும் வந்தது. கதிர்நாவாய்ப் பூச்சிக்கு பி.எச்.சி. 10 சதத் தூள், ஏக்கருக்குப் பத்துக் கிலோ. வயதானவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். விடியற்காலையில், பனி ஈரம் காய்வதற்கு முன்னால், காற்றுப் பார்த்துத் தூவுவார்கள். அந்த வாடை ஊர் முழுக்க அடிக்கும். மலிவான மருந்து. நன்றாகக் கேட்கவும் செய்தது. அன்றைக்குப் பட்டினியைப் போக்க வேண்டியிருந்தது; கையில் கிடைத்த ஆயுதத்தை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அந்த வாடை எங்கே போனது என்பதுதான் கேள்வி.

கேள்விக்குப் பதில் கண்டுபிடித்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே வெள்ளாறு கடலில் கலக்கிறது. அங்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1980களின் பின்பாதியில் அங்குள்ள விஞ்ஞானிகளும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனாபே முதலியவர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். வெள்ளாற்றுப் பாசனப் பகுதியில் ஒரு சோதனை நெல்வயலில் பி.எச்.சி. போட்டு, அது எங்கெங்கே போகிறது என்று அளந்தார்கள்.

மழைத் தண்ணீரோடு வடிந்து, வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் கடலுக்கும் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அளந்து பார்த்ததில், ஆற்று முகத்துவாரத்துக்கு வடிந்தது 0.4 சதம்தான். மீதி 99.6 சதம் காற்றில் போய்விட்டது. 1991-ல் இதை வெளியிட்டார்கள். நம் வெயிலும் சூடான வயல் தண்ணீரும் மருந்தை ஆவியாக்கி அனுப்பிவிட்டன. பரங்கிப்பேட்டைக் காற்றை மாதாமாதம் சோதித்தபோதும், நெல் சாகுபடி நடக்கும் பருவத்தில் காற்றில் பி.எச்.சி. ஏறியிருந்தது தெரிந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மருந்து வாங்கித் தூவினால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு ரூபாய் காற்றோடு போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் போனது என்ன ஆகும்? சோறு வடிக்கும் தாய்மார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலை கொதிக்கும்போது ஆவி மேலே எழும்புகிறது. மூடி குளிர்ச்சியாக இருந்தால் அதில் பட்டுச் சொட்டாக நிற்கிறது. இந்தப் பூமிக்கு நம்ம பிரதேசம் உலை, வடதுருவம் மூடி. சூடான நாடுகளில் ஆவியான மருந்து, காற்றோடு நகர்ந்து, குளிர்ந்த இடத்துக்குப் போனதும் கடலிலும் பனியிலும் இறங்குகிறது. வயலே இல்லாத, பூச்சிமருந்தைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில் வாழும் கடல்நாய்க் கொழுப்பில் பி.எச்.சி. இருப்பதற்கு இதுதான் காரணம். நம் நாட்டில் மட்டும் 1948 முதல் 1997 வரை சுமார் 10 லட்சம் டன் பி.எச்.சி. போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. சீனாவில் அதைப்போல நாலு மடங்குக்கு மேல்.

அதனால் கடல்நாய்க்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். இதற்கு ஸ்வீடன், பின்லாந்து பக்கத்து பால்டிக் கடலின் கதையைச் சொல்ல வேண்டும். 1900 வாக்கில் அங்கே சாம்பல் நிறக் கடல்நாய்கள் சுமார் 80 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருந்தன. முதலில் வேட்டையாடிக் குறைத்தார்கள். வேட்டை குறைந்த பிறகும் அவை பெருகவில்லை. 1970களில் சுமார் 4 ஆயிரம்தான் மிச்சம். ஸ்வீடன் விஞ்ஞானி சோரன் யென்சனும் அவருடைய சகாக்களும் 1969-ல் அந்தக் கடல் பிராணிகளில் டி.டி.டி.யும், பி.சி.பி. என்ற இன்னொரு ரசாயனமும் ஏராளமாக இருப்பதை வெளியிட்டார்கள். பி.சி.பி. பூச்சிமருந்து அல்ல, மின்மாற்றிகளில் ஊற்றிய எண்ணெய். பிறகு பெட்டைகளைச் சோதித்தபோது பலவற்றின் கருப்பைக் குழாய் அடைத்துப்போயிருந்தது. சினை பிடிக்கவில்லை. மாடு வைத்திருப்பவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். சாகாமலே ஒரு கூட்டம் அழியும் வழி அது.

அது ரசாயனத்தால்தானா என்ற சந்தேகத்துக்கு நெதர்லாந்தில் விடை கிடைத்தது. ஒரு பகுதிக் கடல்நாய்களுக்கு மாசுபட்ட கடல் மீன், இன்னொரு பகுதிக்குச் சுத்தமான கடல் மீன் என்று கொடுத்து வளர்த்தார்கள். பகுதிக்குப் பன்னிரண்டு பெட்டைகள். சுத்தமான மீன் தின்றதில் பத்து சினையாயின. மாசுபட்ட மீன் தின்றதில் நாலுதான். 1986-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது.

இனி அந்த ஐம்பது வருஷக் கணக்குக்கு வருவோம். அதில் மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம்: நிறுத்தினால் குறைகிறது. ஜப்பான் 1970களின் தொடக்கத்தில் டி.டி.டி.யையும் பி.எச்.சி.யையும் நிறுத்தியது. ஜப்பானை ஒட்டிய வடபசிபிக் கடலில் 1971 முதல் 1988 வரை எடுத்த கடல்நாய்க் கொழுப்பில், டி.டி.டி.யும் பி.சி.பி.யும் 1970களின் நடுவில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கின. கனடாவின் வடகோடியில் 1972 முதல் பார்த்து வருகிறார்கள். அங்கேயும் இரண்டும் வெகுவாகக் குறைந்தன. பால்டிக் கடலில் ரசாயனங்கள் குறையக் குறையப் பெட்டைகள் மறுபடி சினையாகத் தொடங்கின. 2020 வாக்கில் எண்ணியபோது சுமார் 40 ஆயிரம் கடல்நாய்கள் இருந்தன.

இரண்டாம் பாடம்: உடனே குறைவதில்லை. பி.எச்.சி. என்பது ஒரே பொருள் அல்ல. அதில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பல பங்காளிகள். பூச்சியைக் கொல்வது காமா. தூளில் அது 10 முதல் 15 சதம்தான். ஆல்ஃபா 60 முதல் 70 சதம். அதனால் பூச்சிக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஊருக்குத்தான் கெடுதல். ஆல்ஃபா காற்றில் பஸ் ஏறிப் போகிறது. 1983-ல் சீனா பி.எச்.சி.யை நிறுத்தியதும் வடதுருவக் காற்றில் ஆல்ஃபா சட்டென்று சரிந்தது. பீட்டா அப்படியல்ல. அது மாட்டு வண்டி. காற்றைவிடத் தண்ணீரில் அதிகம் தங்கி, கடல் நீரோட்டத்தோடு மெதுவாக ஊர்ந்து போகிறது. அதனால் மேற்குக் கனடாவின் வடகடல் கடல்நாய்களில், மற்றவை இறங்கிக்கொண்டிருந்த 1990களில்கூட பீட்டா ஏறிக்கொண்டிருந்தது. தூவியவர் மறந்துபோன மருந்து, அப்போதுதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் பாடம்தான் மனசை உறுத்துவது. வயது ஏற ஏறக் கிடாக் கடல்நாயில் விஷம் ஏறிக்கொண்டே போகிறது. பெட்டையில் அப்படி ஏறுவதில்லை. ஏன்? பால் வழியாகக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதம் என்றால் கடல்நாய்ப் பாலில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. தாய் பல வருஷம் சேர்த்து வைத்ததில் பெரும் பங்கு தலைச்சன் குட்டிக்குப் போகிறது. குட்டி இன்னும் ஒரு மீன்கூடத் தின்னவில்லை, அதற்குள் கடன்காரனாகிவிடுகிறது.

கடல்நாய்க்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும். அதே பரங்கிப்பேட்டை, எஹிமே விஞ்ஞானிகள் தென்னிந்தியத் தாய்மார்களின் பாலைச் சோதித்து, அதில் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருப்பதை 1990-ல் வெளியிட்டார்கள். பரங்கிப்பேட்டைக் கடலில் கிடைத்த ஓங்கில்களின் கொழுப்பிலும் டி.டி.டி., பி.எச்.சி., பி.சி.பி. மூன்றும் இருந்தன என்று 1993-ல் எழுதினார்கள். இதைக் கேட்டுத் தாய்மார்கள் யாரும் பயந்துவிடக் கூடாது. தாய்ப்பாலுக்கு இணையான ஆகாரம் குழந்தைக்குக் கிடையாது. ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். பாலைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பு தாயிடம் இல்லை. வயலில் மருந்து அடிக்கிறவரிடமும், அதைத் தயாரிக்கிறவரிடமும், அனுமதிக்கிறவரிடமும் இருக்கிறது.

நம் நாட்டில் என்ன செய்தார்கள்? விவசாயத்தில் டி.டி.டி. போடுவது 1989-ல் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997 ஏப்ரல் 1 முதல் தடை. நிலைத்து நிற்கும் விஷங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் ஏற்பட்டது; இந்தியா 2006-ல் ஏற்றுக்கொண்டது. நம்மில் பலர் கையாலேயே அடித்த எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011 மே 13 அன்று நிறுத்திவைத்தது. அதுவும் வடதுருவம் வரை போன மருந்துதான்.

"எல்லாம் தடை பண்ணியாச்சே, அப்புறம் எங்களுக்கு என்ன சேதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்றைக்குக் கடையில் விற்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பி.எச்.சி. மாதிரி ஐம்பது வருஷம் நிற்பவை அல்ல. ஆனால் பி.எச்.சி. கடைக்கு வந்தபோதும் அது துருவத்துக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்து, நிறுத்தி, குறைவதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது. ஆகையால் எந்த மருந்தையும் தேவைக்கு மேல் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் இருப்பதுதான் புத்தி. அதற்கு நம்மால் ஆகக்கூடிய காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று. பூச்சியைக் கண்டதும் மருந்து என்று ஓடாதீர்கள், எண்ணிப் பாருங்கள். பூக்கும் பருவத்தில் நூறு கதிருக்கு ஐந்து நாவாய்ப் பூச்சி, பால் பிடித்த பிறகு நூறு கதிருக்குப் பதினாறு. அதற்குக் குறைவாக இருந்தால் மருந்துச் செலவுதான் நஷ்டம், பூச்சி நஷ்டமல்ல. குருத்துப்பூச்சிக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது பத்து சதம் நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் நடவடிக்கை.

இரண்டு. அளவைத் தாண்டினால் முதலில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம். ஏக்கருக்குப் பத்துக் கிலோ பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை ஏக்கருக்கு 2 சி.சி. கட்டலாம். ஒட்டுண்ணி கட்டிய வயலில் மருந்து அடித்தால் இரண்டு செலவும் வீண்.

மூன்று. மருந்தே வேண்டும் என்றால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, லேபிளில் நெல் என்று போட்டிருப்பதை மட்டும், போட்டிருக்கும் அளவில் வாங்குங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கும் பழக்கம் வேண்டாம்.

நான்கு. ஸ்பிரேயரை வாய்க்காலில் கழுவாதீர்கள். டப்பாவை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயரிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடுங்கள். டப்பாவைத் துளை போட்டுவிடுங்கள். அதில் தண்ணீரோ எண்ணெயோ பிடிக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.

ஐந்து. பரணிலும் மாட்டுக் கொட்டகையிலும் பழைய மூட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். அப்பா காலத்து பி.எச்.சி. தூள், டி.டி.டி. பவுடர், எண்டோசல்பான் பாட்டில் எதுவாக இருந்தாலும் எறும்புக்கும் கரையானுக்கும் தூவித் தீர்க்க வேண்டாம். ஆற்றில் கொட்டவும் வேண்டாம். நெல்லும் தீவனமும் இல்லாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வைத்து, எங்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள். மின்மாற்றியிலிருந்து எடுத்த பழைய எண்ணெயை மூட்டு வலிக்குத் தேய்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதையும் விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரு பேச்சு ஊரில் கேட்கிறேன். "நாங்க மூணு மா நிலத்துல அடிக்கிறதாலயா சார் உலகம் கெட்டுப்போகுது?" என்கிறார்கள். சீட்டுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கட்டுவது நூறு ரூபாய்தான், சேர்ந்தால்தான் லட்சம். பி.எச்.சி.யைத் துருவம் வரை அனுப்பியது ஒரு மிராசுதார் அல்ல. லட்சோப லட்சம் பேர், ஆளுக்குப் பத்துக் கிலோ. அதேபோலத்தான் குறைத்ததும். வடதுருவக் காற்றில் விஷம் சரிந்தது ஏதோ ஒரு மந்திரத்தால் அல்ல. லட்சோப லட்சம் வயல்களில் அந்தத் தூள் தூவுவது நின்றதால். நாம் கெடுத்தது எவ்வளவு தூரம் எட்டியதோ, நாம் திருத்தியதும் அவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது.

நம்ம ஜில்லாவுக்கே சொந்தமாக ஒரு கடல் பிராணி உண்டு. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வாழ்கிறது. அதைக் காப்பதற்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் வடியும் தண்ணீர் அந்தப் பக்கத்துக் கடலுக்குத்தான் போகிறது. காற்று எல்லாப் பக்கமும் போகிறது.

இந்த வாரம் வயலுக்குப் போகும்போது மருந்து டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நூறு கதிர் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து காட்டினால், அடிக்கலாமா வேண்டாமா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.